நெற்றியில் கரண்ட் வைத்தால் மைக்ரேன் போகுமா?

கேள்வி: எனக்கு 36 வயது. பள்ளி ஆசிரியை. பன்னிரண்டு வருடமாக ஒற்றைத் தலைவலி. முன்பு மாதம் மூன்று, நான்கு முறை வரும். இரண்டு வருடமாக மாதத்தில் பதினெட்டு, இருபது நாள் வலிதான். ப்ரொப்ரனலால் கொடுத்தார்கள், தலைசுற்றல் வந்தது. அமிட்ரிப்டிலின் சாப்பிட்டால் காலையில் முதல் பீரியட் எடுக்க முடியாத தூக்கம். டோபிரமேட்டில் விரல் நுனி மரத்துப்போனது. பாடம் நடத்தும்போது வார்த்தை வாயில் வரவில்லை. மூன்றையும் விட்டுவிட்டு, மெடிக்கலில் கிடைக்கிற மைக்ரேன் மாத்திரையை வலி வரும்போதெல்லாம் போட்டுக்கொள்கிறேன். அட்டையில் எர்கோட்டமின், காஃபின், பாரசிட்டமால் என்று போட்டிருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் கருவி ஒன்றை வாங்கி அனுப்பட்டுமா என்கிறான். எங்கள் ஊர் பிசியோதெரபி சென்டரில், "அதெல்லாம் எதற்கு, இங்கேயே கழுத்தில் கரண்ட் வைத்துவிடலாம்" என்கிறார்கள். மாமியாரோ, "தலையில் கரண்ட் வைத்தால் மூளை என்னவாகும்?" என்று பயப்படுகிறார். அடுத்த வருடம் இரண்டாவது குழந்தைக்கு நினைத்திருக்கிறோம். கருவியை வாங்கலாமா? இன்னொன்று, தலைக்குக் குளித்தால் எனக்கு வலி வருகிறது. இதை வீட்டில் யாரும் நம்புவதில்லை.

பதில்: உங்கள் மாமியாரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் மனதில் இருப்பதும் அதுதான். தலையில் கரண்ட் என்றதும் சினிமாவில் காட்டும் 'ஷாக் ட்ரீட்மென்ட்' நினைவுக்கு வந்துவிடுகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நெற்றிக் கருவி மூளைக்குள் மின்சாரம் அனுப்புவதில்லை. புருவத்துக்கு மேலே, தோலுக்கு அடியில் ஓடும் நரம்புக் கிளையை மட்டும் தூண்டுகிறது. அது முக்கோண நரம்பின் கிளை. முகத்தின் உணர்ச்சியையெல்லாம் மூளைக்குக் கொண்டுபோவது இந்த நரம்புதான். மைக்ரேன் வலி பயணிக்கும் பாதையும் இதுவே. அதிகபட்சம் 16 மில்லியாம்பியர், அதுவும் நுண்ணொடிக் கணக்கில் விட்டுவிட்டு வரும் சின்னத் துடிப்புகள். மருத்துவ மாநாடு ஒன்றில் என் நெற்றியிலேயே ஒட்டிப் பார்த்தேன். முதலில் எறும்பு ஊர்வது போல இருந்தது. சில நிமிடம் கழித்து யாரோ விடாமல் விரலால் சுண்டுவது போல ஆகி, கழற்றி எறிந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்புறம் பழகிவிட்டது, லேசாகத் தூக்கமும் வந்தது.

இது ஒன்றும் அந்நியமான யோசனை இல்லை. முழங்காலை மேஜையில் இடித்துக்கொண்டால் நம் கை தானாகப் போய் அந்த இடத்தைத் தேய்க்கிறது. நம் வீடுகளில் தலைவலிக்குத் துணியை இறுக்கிக் கட்டுவதும், சுக்குப் பத்து போடுவதும் இதே இனம்தான். தேய்ப்பு, அழுத்தம் போன்ற உணர்ச்சிகள் உள்ளே நுழைந்தால் வலிச் செய்தி நுழையும் வாசல் பாதி சாத்திக்கொள்கிறது என்று 1965-ல் மெல்சாக், வால் என்ற இருவர் சொன்னார்கள். அந்தக் கொள்கையிலிருந்து பிறந்ததுதான், தோலில் ஒட்டி லேசாகக் கரண்ட் கொடுத்து வலியைத் தணிக்கும் 'டென்ஸ்' இயந்திரம். இன்னும் பின்னால் போனால், சுமார் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு ரோமாபுரியில் ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்ற வைத்தியர், தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனை வலிக்கிற இடத்தில் வைத்து, அந்த இடம் மரத்துப்போகும் வரை விடச் சொல்லியிருக்கிறார். உங்கள் தம்பி அனுப்ப நினைப்பது அந்த மீனின் நாகரிகமான பேரப்பிள்ளை என்று மாமியாரிடம் சொல்லுங்கள்!

சரி, வேலை செய்கிறதா? செய்கிறது, ஆனால் விளம்பரம் சொல்லும் அளவுக்கு இல்லை.

நெற்றிக் கருவி பெல்ஜியத்தில் உருவானது. பெயர் செஃபலி. அங்கே ஐந்து மையங்களில் 67 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2013-ல் வெளிவந்தது. தினமும் இருபது நிமிடம், மூன்று மாதம். உண்மையான கருவி பெற்றவர்களுக்கு மாதம் ஏழு நாளாக இருந்த மைக்ரேன் ஏறக்குறைய ஐந்து நாளாகக் குறைந்தது. பெயருக்கு மட்டும் லேசாகத் துடிக்கும் போலிக் கருவி பெற்றவர்களுக்குப் பெரிதாக மாற்றமில்லை. வலி நாள் பாதிக்குப் பாதியாவது குறைந்தவர்கள் உண்மைக் கருவியில் நூற்றுக்கு 38 பேர், போலியில் 12 பேர். இதை வைத்துத்தான் 2014-ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதை அனுமதித்தது. மைக்ரேன் வராமல் தடுக்க என்று அங்கே அனுமதி வாங்கிய முதல் மின்கருவி அதுதான்.

உங்கள் கதை இங்கே கொஞ்சம் வேறுபடுகிறது. அந்த 67 பேருக்கும் வலி மாதத்தில் சில நாள்தான். உங்களுக்குப் பதினெட்டு, இருபது நாள். மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ தலைவலி, அதில் எட்டு நாளாவது மைக்ரேன் லட்சணம், இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால் அது நாள்பட்ட மைக்ரேன். நரம்புகள் சும்மா இருக்கும்போதே சூடாக இருக்கும் நிலை அது. விட்டு விட்டு வரும் மைக்ரேனில் கிடைத்த பலன் இதிலும் அப்படியே கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மூளையிலிருந்து கழுத்து வழியாக இதயம், வயிறு வரை போகும் வேகஸ் நரம்பைக் கழுத்தில் தூண்டும் காமாகோர் என்ற கைக்கருவியை நாள்பட்ட மைக்ரேன் உள்ள 59 பேரிடம் சோதித்தார்கள், 2016-ல் முடிவு வந்தது. இரண்டு மாதத்தில் கருவிக்காரர்களுக்கு ஒன்றரை நாள் போலக் குறைந்தது. போலிக் கருவிக்கும் அதற்கும் இருந்த வித்தியாசம் நம்பும்படி இல்லை.

கொஞ்சம் நம்பிக்கை தருவது நெற்றியிலும் இல்லை, கழுத்திலும் இல்லை. மேல்கையில் கட்டிக்கொள்ளும் பட்டையில் இருக்கிறது. நெரிவியோ என்று பெயர், இஸ்ரேலில் உருவானது. தலைவலிக்குக் கையில் கட்டுவதா என்று சிரிக்கலாம், முதலில் நானும் சிரித்தேன். உடம்பின் ஓரிடத்தில், வலி என்று தோன்றுவதற்குச் சற்றுக் குறைவான அளவில் தூண்டினால், மூளைத்தண்டு தன்னிடம் இருக்கும் வலியடக்கும் ஏற்பாட்டை இயக்கிவிடுகிறது. அது அந்த ஓரிடத்தோடு நிற்காமல் உடம்பு முழுவதற்கும் பொதுவாக வேலை செய்கிறது. அதனால் கையில் கட்டினாலும் பலன் தலைக்குப் போகிறது. போனில் இருக்கும் செயலி வழியாகக் கூட்டிக் குறைக்கலாம். ஒரு முறைக்கு 45 நிமிடம். வலி வந்த பிறகு போடுவதற்கான ஆய்வில் 252 பேர் சேர்ந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் வலி தணிந்தவர்கள் நூற்றுக்கு 67, போலிக் கருவியில் 39. ஒருநாள் விட்டு ஒருநாள் தடுப்பாகப் போட்டால் என்ன ஆகும் என்று 248 பேரிடம் செய்த ஆய்வு 2023-ல் வந்தது. இதில் நாள்பட்ட மைக்ரேன்காரர்களும் இருந்தார்கள். அவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் மாதத்துக்கு 4.7 மைக்ரேன் நாள் குறைந்திருக்கிறது, போலியில் 1.6. அதே 2023-ல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் இந்தக் கருவியை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அதனால் தம்பியைத் தொந்தரவு செய்யாமல் இங்கேயே கேட்டுப் பார்க்கலாம்.

போலிக் கருவியின் எண்களையும் கவனித்துப் படியுங்கள். நூற்றுக்கு 39 பேருக்குப் போலியிலேயே வலி தணிந்திருக்கிறது. மைக்ரேன் தானாகவும் தணியும், நம்பிக்கையாலும் தணியும். கரண்ட் தோலில் குத்தும் பொருள் என்பதால், தன்னிடம் இருப்பது உண்மையா போலியா என்று ஆய்வில் இருப்பவர் ஊகித்துவிடவும் வாய்ப்பு உண்டு. மாத்திரை ஆய்வில் இந்தச் சிக்கல் குறைவு. ஆகவே 'முதல் தடவை போட்டதுமே போய்விட்டது' என்று யாராவது வீடியோவில் சொன்னால், அவருக்காகச் சந்தோஷப்படுங்கள். பணத்தை மட்டும் உடனே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது கருவியைக் கொஞ்சம் ஓரமாக வைக்கிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த மாத்திரை அட்டைதான்.

எர்கோட்டமின் சேர்ந்த மாத்திரையை மாதத்தில் பத்து நாளோ அதற்கு மேலோ, தொடர்ந்து மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட்டால், அந்த மாத்திரையே தலைவலியைத் தொடரச் செய்யும். வெறும் பாரசிட்டமாலுக்கு அந்தக் கணக்கு பதினைந்து நாள். உங்களுக்கு வலி இருபது நாள், வலிக்கும்போதெல்லாம் மாத்திரை என்றால் நீங்கள் எப்போதோ எல்லை தாண்டிவிட்டீர்கள். மூன்று, நான்கு முறையாக இருந்தது இருபதாக ஏறியதில் அந்த அட்டைக்குப் பங்கு இருக்கிறது என்று நான் சந்தேகப்படுகிறேன். இது உங்கள் தவறில்லை. சீட்டு இல்லாமல் கேட்டதும் எடுத்துக் கொடுக்கும் பழக்கத்தில் நாம் எல்லோரும்தான் வாழ்கிறோம். காஃபினும் உள்ளே இருப்பதால், போடாத நாளில் தலை தானாகவே கனக்கும். உடனே இன்னொன்று போடத் தோன்றும்.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. எர்கோட்டமின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், கருப்பையையும் சுருக்கும். கர்ப்பத்தில் அதைத் தொடவே கூடாது. அடுத்த வருடம் குழந்தைக்கு நினைக்கிறீர்கள் என்றால் கரு தங்கியது தெரிந்த பிறகு நிறுத்துவது தாமதம். டோபிரமேட்டை விட்டுவிட்டது இந்த வகையில் நல்லதே, அதுவும் கருவுக்கு ஆகாது. மைக்ரேனுக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் என்ற மருந்தும் கருவுக்கு ஆகாது; யாராவது இனிமேல் அதை எழுதிக் கொடுத்தால், குழந்தைக்கு நினைத்திருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மாத்திரையை நிறுத்துவதை நரம்பியல் மருத்துவரிடம் நேரில் பேசிச் செய்யுங்கள். முதல் வாரம், பத்து நாள் வலி கூடும், குமட்டும், எரிச்சல் வரும். அந்தப் பத்து நாளைக் கடக்க வேறு மருந்து கொடுக்க முடியும். பின்மண்டையில் நரம்புக்கு அருகே, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஊசி போடுவதும் ஒரு வழி. கர்ப்பிணிகளுக்கும் அதைப் பயன்படுத்துகிறோம். பரீட்சை விடைத்தாள் திருத்தும் மாதத்தில் இதை ஆரம்பிக்காதீர்கள். விடுமுறையில் ஆரம்பியுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், 'இந்தப் பத்து நாள் சமையலறைப் பக்கம் நான் வரமாட்டேன்' என்று.

கருவியின் இடம் இங்கேதான் வருகிறது. மாத்திரையைக் குறைக்கும்போது கைக்கு ஏதாவது ஒன்று வேண்டும். வலி வரும்போது சும்மா உட்கார்ந்திருப்பது கொடுமை. அந்த நேரத்தில் நெற்றியிலோ கையிலோ ஒன்றைக் கட்டிக்கொண்டு இருட்டறையில் படுப்பது, இன்னொரு மாத்திரையை விழுங்குவதைவிட எவ்வளவோ மேல். உள்ளுறுப்புகளுக்குப் பாரமில்லை, எத்தனை முறை போட்டாலும், மாத்திரை அதிகமானால் வரும் தலைவலி போல ஒன்று வருவதாகத் தெரியவில்லை. மருந்துகள் ஒத்துக்கொள்ளாமல், கர்ப்பத்துக்கும் தயாராகும் உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இந்தக் கருவிகளை நான் முதலில் யோசிப்பேன். ஆனால் மாத்திரையை இருபது நாளும் போட்டுக்கொண்டே கருவியையும் போட்டால், எது உதவியது, எது கெடுத்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதனால் வாங்கும் முன் ஒரு மாதம் கணக்கு எழுதுங்கள். பால் கணக்கும் கேஸ் புக் செய்த தேதியும் எழுதும் மாதக் காலண்டர் போதும். வலித்த நாளுக்குச் சிவப்பு வட்டம், வேலை செய்ய முடியாத அளவு வலித்தால் இரட்டை வட்டம், மாத்திரை போட்டால் பக்கத்தில் ஒரு கோடு. மாதவிடாய் நாளையும் குறித்துவையுங்கள். பிறகு கருவியை ஆரம்பித்து மூன்று மாதம் அதே போல எழுதுங்கள். நாள்பட்ட மைக்ரேனில் வலி நாள் நூற்றுக்கு முப்பது பங்கு குறைந்தாலே பலன் என்று எடுத்துக்கொள்வோம். இருபது, பதினான்கு ஆக வேண்டும். மூன்று மாதம் ஒழுங்காகப் போட்டும் பத்தொன்பதில் நிற்கிறது என்றால் கருவியை மூட்டை கட்டிவிடலாம், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

'ஒழுங்காக' என்ற சொல்லைக் கவனியுங்கள். நெற்றிக் கருவியை வாடகைக்கு எடுத்த 2,313 பேரைப் பற்றிய கணக்கு ஒன்று 2013-ல் வந்தது. பாதிக்குச் சற்று மேல், 53 சதவீதம் பேர், திருப்தி என்று சொந்தமாக வாங்க முன்வந்தார்கள். மற்றவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பி வந்த கருவிகளில் பதிவாகியிருந்த நேரத்தைப் பார்த்தால், அவர்கள் போட வேண்டிய நேரத்தில் பாதி அளவுதான் போட்டிருக்கிறார்கள். சிலர் ஆன் செய்யவே இல்லை! வாங்கிய உடற்பயிற்சி சைக்கிளில் துணி காயப்போடும் நம் பழக்கம் ஐரோப்பாவிலும் இருக்கிறது போலும். பக்கவிளைவு என்று சொன்னவர்கள் நூற்றுக்கு 4 பேர். நெற்றியில் அந்தக் குறுகுறுப்பு தாங்கவில்லை, தூக்கம் வருகிறது, பிறகு தலைவலி போன்ற சின்ன விஷயங்கள்தான், எல்லாம் சரியாகிவிட்டன.

செலவையும் மாதக் கணக்காகப் பாருங்கள். நெற்றிக் கருவிக்கு ஒட்டும் பட்டை தேய்ந்துபோகும், இருபது முறை போல ஒட்டியதும் மாற்ற வேண்டும். அமெரிக்காவிலிருந்து கருவி வந்துவிடும், பட்டை தீரும்போது யார் அனுப்புவது? கைப்பட்டை எத்தனை முறைக்கு உழைக்கும் என்று வாங்கும் முன்பே கேளுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் மாதம் பதினைந்து முறை. அந்த எண்ணால் வகுத்துப் பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும். வாடகைக்கோ, திருப்பி எடுத்துக்கொள்ளும் நிபந்தனையோடோ கிடைத்தால் அதை எடுங்கள். எனக்கு இந்தக் கருவிகள் மேல் விரோதமில்லை. மூன்று மாதச் சோதனை இல்லாமல் முழுப் பணம் கொடுப்பதில்தான் விரோதம்.

இதயத்தில் பேஸ்மேக்கரோ, தலையிலோ உடம்பிலோ மின்னணுக் கருவியோ வைத்திருப்பவர்கள் இவற்றைத் தொடக்கூடாது. கட்டுப்படாத வலிப்பு நோய் இருந்தாலும் கூடாது. உங்களுக்கு இவை இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கர்ப்பத்தில் கைப்பட்டையைப் பயன்படுத்திய பெண்களைப் பற்றிய சிறிய ஆய்வு ஒன்றில் தாய்க்கோ குழந்தைக்கோ கெடுதல் தென்படவில்லை. சிறிய ஆய்வு என்பதால் அதை முழு உத்தரவாதமாக எடுக்காதீர்கள். கரு தங்கியதும் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடருவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

பிசியோதெரபி சென்டர் விஷயத்துக்கு வருகிறேன். அவர்களிடம் இருப்பது பெரும்பாலும் மூட்டு வலிக்கும் முதுகு வலிக்கும் வைக்கும் டென்ஸ் இயந்திரம். கழுத்தின் பின்பக்கம், தோள்பட்டைத் தசை இறுகியிருந்தால் அதற்கு வைக்கலாம். பயிற்சியும் சொல்லித் தருவார்கள், அது நல்லதுதான். கழுத்தின் முன்பக்கம் வைக்க ஒருபோதும் விடாதீர்கள். அங்கே ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் இடம் இருக்கிறது, குரல்வளைத் தசையும் இருக்கிறது; அழுத்தம் சட்டென்று இறங்கலாம், தொண்டை இறுகலாம். 'வேகஸ் கருவியும் கழுத்தில்தானே வைக்கிறார்கள்?' என்று அவர்கள் கேட்கக்கூடும். அதன் அலை வேறு, அளவு வேறு, ஒரு முறைக்கு இரண்டே நிமிடம், அதற்கென்றே வடிவமைத்தது. அந்த டென்ஸைக் கழற்றி நெற்றியில் ஒட்டிப் பார்க்கும் யோசனையும் வேண்டாம். செஃபலியும் அதுவும் பார்க்க ஒன்று போலத் தெரியும். நெற்றிக்கு எவ்வளவு என்ற கட்டுப்பாடு அதில் இல்லை.

கருவி பலிக்கவில்லை என்றால் கதவு மூடிவிடவில்லை. தலை, கழுத்தில் 31 இடங்களில் சின்னச் சின்னதாகப் போடும் போடாக்ஸ் ஊசி, மைக்ரேனைத் தடுக்க மாதம் ஒருமுறை போடும் மாத ஊசி என்றெல்லாம் இருக்கின்றன. ஆனால் அவற்றைக் குழந்தைத் திட்டத்தோடு சேர்த்து யோசிக்க வேண்டும், மாத ஊசியைக் கருத்தரிப்பதற்குப் பல மாதம் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். அதை உங்கள் மருத்துவரிடம் காலண்டரோடு போய்ப் பேசுங்கள். வலியின் சுபாவம் திடீரென்று மாறினால், இடி இறங்கியது போல ஒரே நொடியில் உச்சத்துக்குப் போனால், காய்ச்சலோ கை கால் பலவீனமோ பார்வைக் குறையோ கூட வந்தால், கருவியும் வேண்டாம் காலண்டரும் வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

தலைக்குக் குளிப்பது பற்றிக் கேட்டீர்கள். உங்கள் வீட்டார் நம்பித்தான் ஆகவேண்டும். மும்பையைச் சேர்ந்த தலைவலி நிபுணர் டாக்டர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளித்தாலோ முடியை அலசினாலோ மைக்ரேன் வரும் 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006-ல் சர்வதேசத் தலைவலி இதழில் எழுதினார். நம் நாட்டுப் பெண்களுக்கு நீளமான கூந்தல், அது மணிக்கணக்கில் ஈரமாக இருக்கும். காரணம் முழுதாகப் பிடிபடவில்லை என்றாலும் தொடர்பு உண்மை. வெள்ளிக்கிழமை காலை குளித்து, ஈரத் தலையைத் துண்டில் சுற்றிக்கொண்டு பள்ளிக்கு ஓடுவதற்குப் பதில், விடுமுறை நாளில் வெயில் ஏறிய பிறகு குளித்து உடனே உலர்த்திப் பாருங்கள். குளித்த தேதியையும் அந்தக் காலண்டரில் குறித்துவையுங்கள். இரண்டு மாதம் கழித்து வட்டமும் குளியலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறதா என்று மாமியாரையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.